வேலிக்குள் அடங்கிய வயல்கள்: இங்கிலாந்துப் பாரிஷ் ஆவணங்கள் வழி ஒரு நோக்கு

இங்கிலாந்தின் ஊர் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடுவன தசமபாக நிலப்படங்களேயாகும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்திற்கு அளிக்கும் பழைய கடமையை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணக் கட்டணமாக மாற்றியது. அதன்பொருட்டுப் பாரிஷ் எனப்படும் தேவாலய வட்டாரங்கள் அளக்கப்பட்டன. படத்துடன் இணைந்த பட்டியலில் ஒவ்வொரு நிலத்துண்டின் எண், உரிமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், பயன்பாடு, பரப்பு ஆகியன பதிவாயின. இத்துணை விரிவான ஆவணம் நமக்குக் கிட்டியது பெரும்பேறு எனலாம். ஆயினும் இவ்வாவணம் யாரைப் பற்றிப் பேசாது விடுகிறது என்பதே ஈண்டு நம் வினாவாகும்.

வேலியடைப்புக்கு முன்னர், இங்கிலாந்தின் நடுப்பகுதி ஊர்கள் பலவற்றில் விளைநிலம் இரண்டு அல்லது மூன்று பெரும் திறந்தவெளி வயல்களாக இருந்தது. ஒவ்வோர் உழவரின் நிலமும் நீண்ட கீற்றுகளாக அவ்வயல்களெங்கும் சிதறிக் கிடந்தது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு எனச் சுழற்சி முறை அமைந்தது. அறுவடை முடிந்ததும் வயல் முழுவதும் பொது மேய்ச்சலுக்குத் திறக்கப்பட்டது. நிலத்தின் உரிமை தனியாருடையது. அதன் காலக்கணக்கோ ஊருடையது.

நாட்டிங்காம்சயர் மாவட்டத்து லாக்ஸ்டன் சிற்றூரில் இம்முறை இன்றும் எஞ்சி நிற்கிறது. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படம் அவ்வூரின் ஒவ்வொரு கீற்றையும் காட்டுகிறது. ஓர்வின் இணையர் 1938இல் வெளியிட்ட ஆய்வு நூல் அதனை உலகறியச் செய்தது. 1952இல் அரசின் வேளாண் அமைச்சு இதன் நிலங்களை வாங்கியது. 2020இல் அவை மீண்டும் தனியார் பண்ணையுரிமைக்குச் சென்றன. ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் நடுவர் குழு கோதுமை வயலைச் சுற்றிப் பார்த்து, எவரேனும் எல்லை மீறி உழுதிருப்பின் தண்டம் விதிக்கப் பரிந்துரைக்கும் வழக்கம் இங்கு நிலைத்துள்ளது.

ஏனைய ஊர்களின் கதை வேறு. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவை தழுவிய பரப்பு ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். உரிமையை நிறுவ இயன்றவர்க்கு ஈட்டு நிலம் கிடைத்தது. வழக்கத்தின் பேரில் மட்டுமே மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் வந்த குடிசைவாசிக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிட்டவில்லை. சிறுதுண்டு பெற்றவரும் வேலிச் செலவைத் தாங்க இயலாது அதனை விற்க நேர்ந்தது உண்டு. மேலும், இவ்வேலியடைப்பின்போதே பல ஊர்களில் தசமபாகத்திற்கு மாற்றாகத் தேவாலயத்திற்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதனால் நார்தாம்ப்டன்சயர் போன்ற பகுதிகளில் பிற்காலத் தசமபாகப் படங்கள் குறைவு. பொதுநிலம் மிகுதியாக மறைந்த இடத்திலேயே நாம் பெரிதும் நம்பும் சான்று மெலிந்துவிடுகிறது. இது தற்செயலன்று, இவ்வாவணங்கள் கட்டணம் செலுத்தக் கூடியவரைக் கணக்கிட எழுந்தவை. ஏழையின் வாழ்வைப் பதிவு செய்வது அவற்றின் நோக்கமன்று.

எனவே பட்டியலின் பெயர் நிரல் தனிக் கவனத்திற்குரியது. பரப்பையும் கட்டணத்தையும் அலுவலர் கணக்கிட்டனர். வயற்பெயரோ அதனை உழுதவர் நாவில் வழங்கியது. ‘ஃபர்லாங்’ என முடியும் பெயரை வேலியிட்ட தனிவயல் தாங்குமாயின், அங்கு முன்பு கீற்றுத்தொகுதி ஒன்று இருந்திருக்கக் கூடும் என ஊகிக்கலாம். ‘பசிக்குன்று’ எனப் பொருள்படும் பெயர் வளமற்ற மண்ணைச் சுட்டும். ஊரெல்லையில் நெடுந்தொலைவில் கிடந்த வயலுக்கு, நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளின் கரையான ‘பாட்டனி பே’ என்று பெயரிட்டழைத்த ஊர்களும் உண்டு. நாள்தோறும் அத்தொலைவு நடந்து சென்றவரின் கேலி அதில் ஒலிப்பதாகவே நாம் கருதுகிறோம். அவர்தம் பெயர்கள் பட்டியலின் உரிமையாளர் நிரலில் இல்லை.