ஹைட்ரோகார்பன் வகைப்பாட்டில் டெர்பீன்கள்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்புக்குத்தான் பெயர் என்றாலும், எந்தக் கோயிலையும் போலவே அங்கும் கற்பூரம் இல்லாமல் வழிபாடு இல்லை. இன்று கடைகளில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி ஆலைச் சரக்கு. பைன் மரப் பிசினை வடித்தால் டர்பன்டைன் கிடைக்கிறது. அதிலுள்ள பைனீனைக் கேம்ஃபீனாக மாற்றி, மேலும் சில படிகளில் ஆக்சிஜன் ஏற்றிக் கற்பூரமாக்குகிறார்கள். ஆக்சிஜன் இருப்பதால் கற்பூரம் ஹைட்ரோகார்பன் அன்று. ஆனால் பைனீனும் கேம்ஃபீனும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அசல் ஹைட்ரோகார்பன்கள், டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அல்கேன், அல்கீன், அல்கைன், அரோமேட்டிக் என்று பாடநூல் வகுக்கும் பிரிவுகளில் இந்தக் குடும்பத்துக்கு இடம் எது?

பாடநூல் பிரிவு வளர்ந்த வழி தெரிந்ததுதான். 1825இல் ஃபாரடே பென்சீனைப் பிரித்தெடுத்தார். 1865இல் கெக்குலே அதற்கு வளைய அமைப்பைச் சொன்னார். அடுத்த ஆண்டளவில் ஹோஃப்மன் பெயர்களுக்கு முறையான ஈறுகளைப் பரிந்துரைத்தார். 1892 ஜெனீவா மாநாடு பெயரிடலை ஒழுங்குபடுத்தியது. இந்த முறை கேட்பது ஒன்றே: கார்பன் அணுக்களிடையே உள்ள பிணைப்பு எத்தகையது? செடிகளின் நறுமண எண்ணெய்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ஓட்டோ வாலக் 1887இல் வேறொரு கேள்வி கேட்டார்: மூலக்கூறு எந்த அலகால் கட்டப்பட்டது? ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் அலகு என்பது அவர் கண்ட விடை. அவருக்கு 1910இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது கேள்வி ஏன் தேவை என்பதைக் கணக்கே காட்டும். மிர்சீன், எலுமிச்சைத் தோலின் லிமோனீன், பைனீன் மூன்றிலும் 10 கார்பன், 16 ஹைட்ரஜன். 10 கார்பன் கொண்ட நிறைவுற்ற திறந்த சங்கிலியில் 22 ஹைட்ரஜன் இருக்கும். குறைவது ஆறு, அதாவது மூன்று இணை. மிர்சீனில் அந்தக் குறை மூன்று இரட்டைப் பிணைப்புகள். லிமோனீனில் இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரு வளையமும். பைனீனில் ஒரு இரட்டைப் பிணைப்பும் இரண்டு வளையங்களும். வாய்பாடு ஒன்றாயிருந்தும் ஒன்று திறந்த சங்கிலி வரிசையிலும் மற்றவை வளைய வரிசையிலும் போய் விழுகின்றன. இந்தியாவின் பங்கு இங்கே பெரிது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போன ஜான் சைமன்சன், இமயச் சரிவின் சீர்ப் பைன் தரும் டர்பன்டைனில் கேரீனையும் லாங்கிஃபோலீனையும் கண்டதாக 1920இல் அறிவித்தார். லாங்கிஃபோலீனில் 15 கார்பன், 24 ஹைட்ரஜன். நான்கு இணை குறைவு, ஆனால் இரட்டைப் பிணைப்பு ஒன்றுதான். ஆகவே மீதி மூன்றும் வளையங்கள். அவை எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது 1953இல்தான் உறுதியாயிற்று. இதை வெறும் ‘அல்கீன்’ என்பது பிழையில்லை, பயனும் அதிகமில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு வகைப்பாடு குழப்பம்தானே என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொன்னால்தான் குழப்பம். ஓம எண்ணெயில் உள்ள பாரா-சைமீனில் பென்சீன் வளையம் இருக்கிறது, ஆகவே அது அரோமேட்டிக். அதன் கார்பன் எலும்புக்கூடு லிமோனீனுடையதே, ஆகவே டெர்பீன் குடும்பத்து உறுப்பும்கூட. இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிறப்பிடம் பொருளின் குணமாகுமா? பெட்ரோலியத்திலிருந்து செய்த பாலிஐசோபிரீனும் கேரளத் தோட்டத்து ரப்பரும் அடிப்படையில் ஒரே சங்கிலிதானே? உண்மைதான். அதனால்தான் குடும்பத்தை நிர்ணயிப்பது மரமன்று, எலும்புக்கூடு என்று கொள்வதே சரி. செடிக்குள் அலகுகள் சேரும்போது எலும்புக்கூடு இடம் மாறி அமையலாம் என்பதையும் 1953இல் வேதியியலாளர் ருஸிச்கா வாலக்கின் ஐசோபிரீன் விதியில் சேர்த்தபின், விலக்காகத் தெரிந்த பலவும் விதிக்குள் வந்தன.

இன்றைய பெயரிடலும் இரண்டையும் வைத்திருக்கிறது. ஐயுபிஏசி முறைப்படி ஆல்ஃபா-பைனீன் 2,6,6-ட்ரைமெத்தில்பைசைக்ளோ[3.1.1]ஹெப்ட்-2-ஈன், இயற்கைப் பொருள்களுக்கான விதிகளிலோ ‘பைனேன்’ என்ற எலும்புக்கூட்டுப் பெயர் இன்றும் செல்லுபடியாகிறது.