புகலிடமும் அதன் சுவரும்: மூணாற்று மலையிலிருந்து குருசடைத் தீவு வரை

'ரெஃப்யூஜியம்' என்பது புகலிடம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். தட்பவெப்பம் மாறித் தன் பழைய பரப்பை இழந்த ஓர் உயிரினம் ஒடுங்கி எஞ்சி வாழும் சிறு நிலத்தை உயிர்ப் புவியியலாளர் இச்சொல்லால் குறிப்பர். மூணாற்றை அடுத்த இரவிகுளம் அத்தகைய இடம். குளிர்ந்த உயர்மலைப் புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக்காடும் வரையாட்டுக்கு அங்கே எஞ்சின. தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்களமாக இருந்த அந்நிலம் 1971ஆம் ஆண்டுக் கண்ணன் தேவன் மலைநில மீட்புச் சட்டத்தால் கேரள அரசின் கைக்கு வந்தது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்கு வெளியே மலையின் கதை வேறு. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரம், நட்ட இடத்தோடு நில்லாமல் புல்வெளிக்குள் தானாகப் பரவியது. பயன் கருதிக் கொணர்ந்த ஒரு தாவரம் எல்லை மீறுவது மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. இதே சொல் கடல்நீர்த் தொட்டிக்குள் புகுந்த வரலாற்றிலும் அதுவே மையச் சிக்கல்.

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மீன் உண்ணும் இரையும் அதன் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தேங்கும். பவளப்பாறை இயல்பாகவே சத்துக் குறைந்த தெளிந்த நீரில் வாழ்வது. சத்து மிகுந்தால் பாசி அதை மூடிவிடும். இங்கே ஓர் எளிய சூழ்ச்சி உண்டு. எந்தப் பாசி பவளத்துக்குப் பகையோ அதே பாசியைத் தனித் தொட்டி ஒன்றில் அடைத்து, பெரிய தொட்டியின் நீரை அதன் வழியே மெல்லச் சுழலவிடுவது. பாசி சத்தை உறிஞ்சி வளரும். அவ்வப்போது ஒரு கைப்பிடி அறுத்து எறிந்தால் சத்தும் அதனுடன் வெளியேறும். மீனின் வாய்க்கு எட்டாத அந்த அறையில் கோபிபாடு போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் பெருகி, நீரோடு சென்று பவளத்துக்கும் மீனுக்கும் இரையாகும். பெரிய தொட்டியில் விளக்கு அணைந்தபின் இங்கே விளக்கு எரியவிடுவர். இரவில் நீரின் காரத்தன்மை சரிவதை அது தணிக்கும். இந்தப் புகல்தொட்டிக்குக் 'கீட்டோமார்ஃபா' என்னும் கம்பிச்சுருள் போன்ற பாசியைப் பலர் தேர்வதற்குக் காரணம், அது எதையும் பற்றிப் படராது என்பதே.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980இல் வால்டர் ஏடி என்னும் பாசியியலாளர், பாசியைக் கொண்டே நீரைத் தூய்மை செய்யும் பவளத் தொட்டி ஒன்றை அமைத்தார். 1991இல் அவர் கேரன் லவ்லண்டுடன் எழுதிய 'டைனமிக் அக்வேரியா' இவ்வெண்ணங்கள் தொட்டி வளர்ப்போரிடையே பரவத் துணைநின்ற நூல்களுள் ஒன்று. (இந்தியாவில் கடினப் பவள இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, நம் கடலிலிருந்து அவற்றை எடுத்து வீட்டுத்தொட்டி நிரப்புவது குற்றம்.)

ஆக, இந்த அமைப்பின் உயிர்நாடி பாசியினும் சுவரே. சுவர் உடைந்தால் நேர்வதை 1984 காட்டியது. மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலடியில், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் 'காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா' என்னும் பாசி காணப்பட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரக் காட்சித்தொட்டியில் வளர்ந்த வகை அது. அலெக்சாந்தர் மெனேஸ் என்னும் பாசியியலாளர் எச்சரித்துக்கொண்டிருக்க, பொறுப்பு யாருடையது என்ற வாதத்தில் ஆண்டுகள் கழிந்தன. பாசி மத்தியதரைக் கடலின் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் அதே பாசி தோன்றியபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி அழித்தனர். முன்னதன் அனுபவம் பின்னதற்கு உதவியது.

வரலாற்றின் விந்தை, அதே 1984இல்தான் 'கப்பாஃபைக்கஸ் அல்வரேசி' என்னும் செம்பாசி ஜப்பானிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஃபிலிப்பைன்ஸைப் பூர்விகமாகக் கொண்ட இப்பாசியிலிருந்து கிடைக்கும் காராஜீனன், ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பலவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகிறது. கொணர்ந்தது மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். குஜராத்தில் சோதித்தபின் 1990களில் மண்டபம் கடலில் சாகுபடி தொடங்கியது. 2000 முதல் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் அதை விரிவாக்கியது. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'பெப்சி பாசி'.

இதைப் பேராசையின் கதையாகச் சுருக்குவது பிழை. பாம்பன் கரைப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அரித்து வாழ்ந்தவர்கள். 1986இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவானபோது, அவர்களது தொழில் சட்டத்தின் முன் அத்துமீறல் ஆயிற்று. மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் பாசி, அந்தப் பெண்களுக்குக் கரையோரத்திலேயே வருமானம் தந்தது. பூங்காவின் மீதுள்ள அழுத்தத்தை அது குறைக்கும் என்ற வாதத்திலும் நேர்மை இருந்தது.

ஆயினும் மிதவைக்குச் சுவர் இல்லை. தமிழ்நாடு அரசு 2005 டிசம்பரில் பிறப்பித்த ஆணை, அயல்பாசிச் சாகுபடியைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கிலுள்ள கடலுக்கும் மட்டும் அனுமதித்தது. தேர்ந்த முடிவு, காலந்தாழ்ந்த முடிவும்கூட. 2008இல் சந்திரசேகரன் முதலான ஆய்வாளர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் இப்பாசி படர்ந்திருப்பதை வெளியிட்டனர். கொம்புப் பவளத்தின் கிளைகளைப் பாசி போர்த்தியிருந்தது. கீழே ஒளியிழந்த பவளம் மாண்டிருந்தது. அதே குருசடையில்தான் சென்னை மாகாண மீன்வளத் துறையின் உயிரியல் நிலையம் இருந்தது. கிரேவ்லியின் முயற்சியில் சென்னை அருங்காட்சியகம் 1927இல் அத்தீவின் கரையோர உயிரினங்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தது. இந்தியாவில் நன்கறியப்பட்ட பாறைத்திட்டு ஒன்றில் இது நிகழ்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பாசியைக் கொணர்ந்த நிறுவனத்தின் அறிவியலாளர் மறுத்தனர். பரவல் மிகச் சிறு பரப்பில்தான், இந்தக் கடலில் இப்பாசியின் விதைத்துகள்வழி இனப்பெருக்கம் முழுமையாக நிகழ்வதில்லை, ஆகவே அச்சம் மிகை என்பது அவர்கள் தரப்பு. ஆனால் இப்பாசி பெருக விதைத்துகள் தேவையில்லை. கயிற்றிலிருந்து அறுந்த ஒரு துண்டு போதும். அதே பண்பே உழவர்க்கு அதை எளிய பயிராக்கியது. ஒரு தாவரத்தின் வணிகச் சிறப்பும் அதன் சூழல் ஆபத்தும் ஒரே இயல்பிலிருந்து பிறக்கும்போது, மலட்டுத்தன்மையைக் காப்பாகக் காட்டும் வாதம் பொருளற்றுப் போகிறது. பின்னர் அண்டைத் தீவுகளிலும் பாசி காணப்பட்டது. வனத்துறை ஆட்களை மூழ்கவைத்துக் கையால் பிடுங்கத் தொடங்கியது. பிடுங்கிய இடத்தில் ஒட்டியிருக்கும் அடித்துணுக்கு மீண்டும் தளிர்க்கும்.

பெப்சிகோ 2008இல் இத்தொழிலை அக்வாக்ரி நிறுவனத்திடம் விட்டு விலகியது. சில ஆண்டுகளில் கடல் வெப்பத்தாலும் நோயாலும் பயிர் நலிந்து, மிதவைக் கடன் வாங்கிய குடும்பங்கள் நட்டப்பட்டன. 2021ஆம் ஆண்டு ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா ஒன்றை அறிவித்தது. அது இராமநாதபுரம் மாவட்டத்தில் அமைகிறது. தீவுகளைச் சுற்றிப் பாசி அரிக்கும் பெண்களின் உரிமை குறித்த கேள்வி 1986இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.