ஊறுகாய் ஜாடியும் சுவர்க் கடிகாரமும்

1942 ஏப்ரலில் சென்னைப் பட்டணம் காலியான கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 5-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள். திருவல்லிக்கேணியில் இருந்த பாட்டி எழும்பூருக்கு ஓடிக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினாள். பாதி வழியில்தான் தெரிந்ததாம்: நகைப் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது, மடியில் பத்திரமாக இருந்தது ஊறுகாய் ஜாடி! "தாம்பரம் தாண்டினப்புறந்தான்டா எனக்கு மூச்சே வந்தது" என்பாள்.

பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வேலையில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே அறிவித்தது. ஹைகோர்ட் கோயமுத்தூருக்குப் போயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியக் கப்பற்படையோ 9-ந் தேதி திரிகோணமலையைத் தாக்கிவிட்டுக் கிழக்கே திரும்பிவிட்டது. சென்னையில் அன்று ஒரு குண்டும் விழவில்லை.

உண்மையான குண்டு பிறகுதான் விழுந்தது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து போட்டுவிட்டுப் போயிற்று. பட்டணம் ஓடவில்லை. ஒரே விமானம்தானே என்பீர்கள். 1942-இல் அந்த ஒன்றுகூட வரவில்லையே! இடைப்பட்ட ஒன்றரை வருஷத்தில் சங்கு ஊதுவதும், விளக்கை மறைப்பதும், ஏ.ஆர்.பி.காரர்களின் ஒத்திகையும் ஜனங்களுக்குப் பழகிப் போயிருந்தன. முழுக் காரணமும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கு ஊதினால் என்ன செய்வது என்று தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் உண்டு.

இதை நான் என் தோலிலேயே உணர்ந்தது 2015-இல். பாட்டி எந்தத் தாம்பரத்தைத் தாண்டி மூச்சு விட்டாளோ, அங்கேயே டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மாடிக்கு ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் கையில் இருப்பது சுவர்க் கடிகாரம்! வீட்டுப் பத்திரம் கீழே நனைந்துகொண்டிருந்தது. கதைகளில் எத்தனை வீரர்களைப் படைத்தவன் நான்!

கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த இளைஞன் முதலில் கேட்டது, "வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" என்பதுதான். பிறகு, "நடுவுல உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

"உனக்குப் பயமா இல்லையாப்பா?" என்று கேட்டாள் என் மனைவி.

"தண்ணி எங்களுக்குப் பழக்கம்க்கா. இந்தக் கரண்டுக் கம்பிதான் பயமா இருக்கு" என்று, தலைக்கு மேலே தொங்கிய கம்பியையே பார்த்தபடி கழியை ஊன்றினான்.

தைரியசாலி, கோழை என்று மனிதரைப் பிரிப்பதை அன்றோடு விட்டேன். கை பழகிய இடத்தில் மனம் நிற்கிறது. பழகாத இடத்தில் ஓடுகிறது.

இப்போது ஐப்பசி பிறந்தால் பத்திரங்கள் ஒரு பையில் ஏறிவிடும். யார் எதைத் தூக்குவது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கடிகாரம் சுவரிலேயே இருக்கும்.