மூன்றாம் கட்சி

புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்படுகையில், ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்து சேர்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். தியாகராஜர் காலந்தொட்டு வரும் மரபு இது என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் 1940 வரை, அங்கே ஆராதனை நடத்திய பாகவதர்களின் மேடையில் பெண்களுக்கு இடமில்லை.

1847 ஜனவரியில் தியாகராஜர் மறைந்தபின், காவிரிக் கரையிலிருந்த அவரது சமாதி நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரத்துச் சீடர்கள் அதைச் செப்பனிட்டனர். பின்னர் தில்லைஸ்தானம் சகோதரர்களான நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆண்டு விழாவைப் பெரிதாக்கினர். விரைவிலேயே பிளவு வந்தது. ‘பெரிய கட்சி’, ‘சின்னக் கட்சி’ என இரு அணிகள் தனித்தனியே ஆராதனை நடத்தின. பல விஷயங்களில் முரண்பட்ட இவ்விரு கட்சிகளும் ஒன்றில் மட்டும் உடன்பட்டன: பெண்கள் பாடக்கூடாது.

காரணம் எளிது. சீடர் பரம்பரை என்பது ஆண்களின் கூட்டம். உஞ்சவிருத்தி, பஜனை, ஹரிகதை எல்லாம் அவர்களுடையவை. அக்காலத்தில் பொது மேடையில் பாடிய பெண்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபினர். அவர்களின் சங்கீதத்தைக் கேட்பதில் தயக்கமில்லை. சடங்கோடு இணைந்த விழாவில் அவர்களைச் சரிசமமாக அமர்த்துவதில்தான் தயக்கம்.

இந்தச் சூழலுக்குள் வந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி மரபினர்; கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் கற்றவர். தஞ்சை மராத்திய அரசர் பிரதாபசிம்மனின் அவையைச் சேர்ந்த முத்துப்பழனியின் ‘ராதிகா ஸாந்த்வனமு’ என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, ஆபாசம் என்ற பழியையும் அரசின் தடையையும் எதிர்கொண்டவர். சமாதியின் நிலையைத் தம் குரு பிடாரம் கிருஷ்ணப்பா வழியே அறிந்த அவர், தம் சம்பாத்தியத்தைச் செலவிட்டு நிலம் வாங்கினார். 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1926இல் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் காணும் சந்நிதியும் அதிலுள்ள தியாகராஜர் திருவுருவும் அவர் எழுப்பியவை.

கோயில் கட்டியவர் அங்கே ஹரிகதை செய்ய அனுமதி கேட்டார். இரு கட்சிகளும் மறுத்தன. அவர் விலகிப் போகவில்லை. மறு ஆண்டே, 1927இல், சந்நிதியின் பின்புறத்தில் பெண்களைக் கொண்டு தனி ஆராதனை தொடங்கினார். ஊர் அதைப் ‘பெண்கள் கட்சி’ என்றது. கூட்டம் அங்கும் திரண்டது.

உலகின் வேறொரு மூலையிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1882இல் பிரான்சில் மரியா தெரேம் என்ற பெண்மணியை ஃப்ரீமேசன் சபைக் கிளை ஒன்று உறுப்பினராகச் சேர்த்தது. அக்கிளை நடவடிக்கைக்கு உள்ளானது. 1893இல் அவரும் ஜார்ஜ் மார்த்தேன் என்பவரும் இருபாலருக்குமான தனிச் சபையை நிறுவினர். கதவு திறக்காத இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டுவது பெண்கள் பலமுறை கையாண்ட வழி. தெரேமின் சபை தனியாகவே நின்றது. திருவையாற்றில் மூன்று வீடுகளும் ஒன்றாயின என்பதே வேறுபாடு.

1940இல் எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் இணைந்து, தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவானது. பெண்கள் பாடும் உரிமை நிலைபெற்றது. இந்த இணைப்பை ஆண்களின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட இயலாது. சந்நிதி நாகரத்தினம்மாளின் பொருளில் எழுந்தது; பதின்மூன்று ஆண்டுகளாகப் பெண்கள் தாமே விழா நடத்திக் காட்டியிருந்தனர். அவர்களை ஒதுக்கிவிட்டு ஒற்றுமை பேச வழியில்லை.

எனினும் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. மேடை கிடைத்த ஏழாண்டுகளில், 1947இல், சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பல பெண்களுக்கு அது விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் கலையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல, அதன்பின் தம் அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்தது. பிற குடும்பத்துப் பெண்கள் மேடைக்கு வந்தனர். போராடியது ஒரு சமூகத்துப் பெண்கள்; விளைச்சலின் பெரும்பகுதி வேறு கைகளுக்குச் சென்றது. ‘பெண்களுக்கு அனுமதி கிடைத்தது’ என்ற பொதுவான வாக்கியத்துள் எந்தப் பெண்கள் என்ற கேள்வி காணாமற்போகிறது. இலக்கிய வரலாற்றில் முத்துப்பழனிக்கு நேர்ந்ததும் இதுவே அல்லவா?

நாகரத்தினம்மாள் 1952 மே மாதம் காலமானார். தம் சொத்தை அவர் அச்சமாதிக்கே எழுதிவைத்தார். அவரது சமாதி தியாகராஜர் சந்நிதிக்கு அருகிலேயே, அதை நோக்கியபடி அமைந்துள்ளது. அடுத்த முறை திருவையாறு செல்வோர் அங்கும் சற்று நின்று வரலாம்.