மாலுமியின் பதக்கம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

கற்பிட்டிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கடற்படையிடம் அனுமதி பெற வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டை இன்று ‘விஜய’ கடற்படைத் தளத்தின் வளவுக்குள் இருக்கிறது. இந்தக் கரையில் சீருடை அணிந்த மாலுமிகள் புதியவர்கள் அல்லர். விழா நாட்களில் அவர்களது மார்பில் நிறநிறமான நாடாக்களும் பதக்கங்களும் தொங்கும். அவை எதற்குக் கிடைத்தவை என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் மனநிலையும் பலருக்கு இருந்ததில்லை. ஆனால் போரைப் பற்றி எழுதுகிறவருக்குப் பதக்கமும் ஓர் ஆவணம் என்றே நான் கருதுகிறேன். அதை வாசிக்கும் முறையை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

இரண்டு வகை

ஒரு மாலுமியின் மார்பிலுள்ள எல்லாப் பதக்கங்களும் வீரத்துக்கானவை அல்ல. ஒரு பகுதியில் அல்லது ஒரு நடவடிக்கையில் பணியாற்றியதற்காகப் பெருந்தொகையானோருக்குக் கொடுக்கப்படுபவை சேவைப் பதக்கங்கள். வடக்கு, கிழக்கு நடவடிக்கைகளுக்கான பதக்கங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. காயமடைந்தோருக்கும் உயிரிழந்தோருக்கும் ‘தேச புத்ர சம்மானய’ உண்டு.

தனி ஒருவரின் குறிப்பிட்ட செயலுக்காகக் கொடுக்கப்படுவதே வீரப் பதக்கம். இலங்கைப் படைகளில் மிக உயர்ந்தது ‘பரம வீர விபூஷணய’. போர்க்களத்துக்கான மற்றவை ‘வீர விக்கிரம விபூஷணய’, ‘ரண விக்கிரம பதக்கம’, ‘ரண சூர பதக்கம’ என வரிசைப்படும். ‘ரண சூர’ போன்ற பதக்கத்தை ஒருவர் பலமுறை பெறலாம். படை அதிகாரிகளின் பெயருக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்துகள் இவற்றின் சுருக்கங்களே.

தரையிறக்கத்தில் மாலுமியின் வேலை

கடலிலிருந்து கரையேறித் தாக்குவதை நமது ஊடகங்கள் ‘ஈரூடகத் தரையிறக்கம்’ என்று எழுதின. தரையிறங்கு கலம் ஆழமில்லாத கரைவரை வந்து மூக்கை மணலில் பதிக்கும். முன்கதவு சாய்ந்ததும் படையினர் இறங்கி ஓடுவார்கள். மாலுமி ஓட முடியாது. கரையிலிருந்து சூடு வந்தாலும் எல்லோரும் இறங்கும்வரை கலத்தை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பிறகு பின்வாங்கி, அடுத்த தொகுதியை ஏற்றிக்கொண்டு அதே கரைக்குத் திரும்ப வேண்டும். காயப்பட்டவர்களும் அவனது கலத்தில்தான் வருவார்கள்.

உலகில் இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1915 ஏப்ரல் 25இல் துருக்கியின் கலிப்பொலியில் நடந்த தரையிறக்கம். ‘ரிவர் கிளைட்’ என்ற நிலக்கரிக் கப்பலில் ஏறத்தாழ இரண்டாயிரம் படையினரை ஏற்றி வந்து கரையோடு மோதவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகுகளைக் கோத்துப் பாலமாக்க வேண்டியிருந்தது. தளபதி எட்வர்ட் அன்வினும் மாலுமி வில்லியம் வில்லியம்ஸும் தண்ணீருக்குள் நின்று அந்தப் படகுகளைக் கயிற்றால் பிடித்திருந்தார்கள். வில்லியம்ஸ் அங்கேயே கொல்லப்பட்டார். அந்தக் கரையில் செய்ததற்காகக் கடற்படையினர் ஆறு பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் சாம்சன் சாதாரண மாலுமி. துப்பாக்கி ஏந்திச் சுட்டதற்காக அல்லாமல், படகைப் பிடித்திருந்ததற்கும் காயப்பட்டவர்களைத் தூக்கியதற்கும் நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் கிடைத்தது.

நமது கரையில்

நமக்கு நெருக்கமானது வெற்றிலைக்கேணி. 1991 யூலை 10இல் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டார்கள். ‘ஆகாய கடல்வெளி’ என்று அவர்கள் பெயரிட்ட சமர் அது. முகாமை மீட்க ‘பலவேகய’ என்ற பெயரில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ தலைமையில் ஆயிரக்கணக்கான படையினரை யூலை நடுப்பகுதியில் கடற்படை வெற்றிலைக்கேணியில் இறக்கியது. அங்கிருந்து ஆனையிறவு பன்னிரண்டு கிலோமீற்றர் அளவுதான். அதைக் கடக்க இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்தது. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். முகாமுக்குள் கவசமிட்ட புல்டோசரைத் தடுத்து உயிரிழந்த காமினி குலரத்ன ‘பரம வீர விபூஷணய’ பெற்ற முதலாமவர். ஏ-9 வீதியில் அந்த புல்டோசரை நாம் எல்லோரும் கடந்துதான் போகிறோம்.

2000 மார்ச் 26இல் திசை மாறியது. கடற்புலிகள் குடாரப்பில் போராளிகளை இறக்கினார்கள். ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. அந்தக் கடலில் படகோட்டியவர்களுக்கு அரச பதிவேட்டில் இடமில்லை. இறந்தபின் கிடைத்த தரநிலைகளும் கல்லறைகளில் பொறித்த பெயர்களுமே அவர்களுக்கான பதிவு. போரின் முடிவில் துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்டபோது அந்தப் பெயர்களும் போயின.

அளவுகோலுக்கு வெளியே

போர்க்களப் பதக்கங்களின் உயர்நிலை விதிகள் எதிரியின் முன்னிலையில் காட்டிய துணிவைக் கேட்கின்றன. சக படையினரின் உயிரைக் காத்ததா, நடவடிக்கையின் நோக்கத்துக்கு உதவியதா என்றும் பார்க்கின்றன. அந்தக் கரையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பது அந்த அளவுகோலில் வராது. பதக்கம் பொய் சொல்வதாக இதற்கு அர்த்தமில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்கிறது.

ஆகவே ஒரு பதக்கத்தைப் பார்த்தால் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: எந்த நாள், எந்த இடம், என்ன செயல், யாருடைய உயிருக்காக. முதல் மூன்றும் வீரச் சான்றுரையில் இருந்தால், அந்த நாளில் அந்த இடத்தில் எந்தப் படைப்பிரிவு நின்றது என்பதற்கு அது சாட்சியாகும். காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும்.

கற்பிட்டிக்கும் ஒரு தரையிறக்கம் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகுகளில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். முதியவர்களும் குழந்தைகளும் கையில் எடுக்க முடிந்ததோடு இறங்கினார்கள். பலர் இங்கேயே முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை ஏற்றிவந்தவர்களுக்கும் கரையில் சோறு கொடுத்தவர்களுக்கும் சான்றுரை எழுதும் அலுவலகம் எதுவும் இல்லை.

அந்தப் படகில் வந்தவர்களோ படகோட்டியவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால், படகு யாருடையது, எந்தத் துறையிலிருந்து எந்த நாள் புறப்பட்டது, எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.