தூதுவளைக் கணக்கு

உடம்பைக் குறைக்கணும்னு கிளம்புற எல்லாருக்கும் டாக்டர் கொடுக்கிற முதல் வேலை ஒண்ணுதான். "தினம் என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிட்டு வாங்க." எழுதுறோம். முதல் வாரம் கையெழுத்தே அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். காலை: இட்லி 3, சட்னி 2 ஸ்பூன், காபி அரை டம்ளர். மூணாவது வாரம் "மதியம்: சாப்பாடு"ன்னு ஒரே வார்த்தை. நாலாவது வாரம் அந்த நோட்டு பால் கணக்கு எழுதப் போயிடும் :-)

இதைச் சோம்பேறித்தனம்னு திட்டிட்டுப் போறது சுலபம். எனக்கு அது சரியாப் படலை. சாப்பாட்டை அளந்து எழுதி வைக்கிறது நம்ம பக்கம் ஆயிரம் வருசப் பழக்கம். அந்தக் கணக்கெல்லாம் நின்னுது, நம்ம கணக்கு மட்டும் ஏன் ஒரு மாசத்துல படுத்துடுது? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம். நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்துடுங்க (சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு எழுதிட்டு).

நம்ம காட்டுமன்னார்கோயில்லயிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் பராந்தகன் காலத்துல வெட்டின வீராணம் ஏரிக்கரை ஊர். பழைய பேர் வீரநாராயணபுரம். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர், அவர் பேரன் ஆளவந்தாருக்கும் இதே ஊர்தான்.

ஆளவந்தார் பத்தி குருபரம்பரைக் கதைகள்ல ஒரு சாப்பாட்டு விஷயம் வரும். சின்ன வயசுலயே சோழர் சபையில ஆஸ்தானப் பண்டிதரை வாதத்துல ஜெயிச்சு, பாதி ராஜ்ஜியம் வாங்கி, சுகமா உட்கார்ந்துட்டார். பாட்டனார் விட்டுட்டுப் போனதை அவர்கிட்ட ஒப்படைக்கணும்னு மணக்கால் நம்பி வர்றார். அரண்மனைக்குள்ள நுழையவே முடியலை. என்ன பண்ணினார்னா, மடைப்பள்ளி ஆளைப் பிடிச்சு, தினமும் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாசம்! ஆளவந்தாரும் தினம் சாப்பிடுறார். யார் கொண்டு வர்றாங்கன்னு ஒரு நாள்கூடக் கேட்கலை. அப்புறம் நம்பி சில நாள் கொண்டு வராம நிறுத்தினார். அப்பத்தான் "இலையில கீரையைக் காணோமே"ன்னு கேள்வி வந்தது. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் வைணவ வரலாறு.

பக்தியாப் படிக்கிறவங்க அப்படியே படிக்கட்டும். நான் பார்க்கிறது வேற. அவ்வளவு பெரிய அறிவாளிக்கே தன் இலையில தினம் விழறது கண்ணுல படலை. அது தெரிஞ்ச ஒரே ஆள் மடைப்பள்ளிக்காரர். சாப்பிடுறவன் ஒருத்தன், கணக்குத் தெரிஞ்சவன் வேறொருத்தன். இந்த விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க.

சோழர் கல்வெட்டுக்களும் இப்படித்தான். எங்க பக்கத்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்னா எல்லாருக்கும் ஆதித்த கரிகாலன் கொலைக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும் (பொன்னியின் செல்வன் படிச்சுட்டுக் கிளம்பி வர்ற கூட்டம் வேற). ஆனா கோயில் கோயிலாப் போய் மத்த கல்வெட்டுக்களைப் படிச்சா கொலையைவிடச் சோத்துக் கணக்குதான் ரொம்ப ஜாஸ்தி. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துல, விழுப்புரம் பக்கம், எண்ணாயிரம்னு ஒரு ஊர். முதல் ராஜேந்திரன் காலக் கல்வெட்டு, அங்க இருந்த வேத பாடசாலையைப் பத்தினது. மாணவர்கள் 340 பேர். சின்னப் பசங்க 270 பேருக்கு ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு 6 நாழி நெல். மேல் படிப்பு படிக்கிற 70 பேருக்கு ஆளுக்கு 1 குறுணி 2 நாழி. 8 நாழி ஒரு குறுணிங்கிறதால, 10 நாழி. படிப்பு ஏற ஏறப் படியும் ஏறியிருக்கு!

இது ஏன் நின்னுது? முதல் காரணம், கணக்கு எழுதினவனும் சாப்பிட்டவனும் ஒரே ஆள் இல்லை. சபை கேட்கும், கோயில் கணக்கன் பதில் சொல்லணும். ரெண்டாவது காரணம் பாத்திரம். ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி. யாரும் தராசைத் தூக்கலை. படியைப் போட்டுத் தலைதட்டினா முடிஞ்சுது. கணக்கு எழுத ஒரு சொல் போதும்.

அளந்து போடுறதுக்கு இன்னொரு முகமும் உண்டு, கொடூரமான முகம். 1876-78 தாது வருசப் பஞ்சம். 1877 ஜனவரியில பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைக்கணும். நிவாரண வேலையில கல்லுடைக்கிற ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும்னு முடிவாச்சு. ஒரு பவுண்டுன்னா 450 கிராம் சொச்சம். இன்னைய கணக்குல, அரிசியா இருந்தா, 1,600 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. இப்ப இளைக்கிறதுக்காக எழுதிக் கொடுக்கிற டயட் சார்ட்டு பலதும் 1,500 பக்கத்துலதான் நிக்கும். நாம ஏசி ரூம்ல உட்கார்ந்து சாப்பிடுற அளவு அது. அவங்க அதை வச்சுக்கிட்டு நாள் முழுக்க மண்ணு வெட்டினாங்க.

சென்னை மாகாணச் சுகாதார கமிஷனரா இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதித் தள்ளினார். உழைக்கிற உடம்புக்கு இது பத்தாதுங்கிறதுதான் அவர் வாதம். சில மாசத்துல சென்னை அரசு அளவை மறுபடி ஏத்திச்சு. அதுக்குள்ள எத்தனை உசிரு போச்சுங்கிறது வேற கதை. சோத்தை நிறுத்து எழுதின அந்தக் காகிதம் ஒரு பக்கம் கொல்லவும் செஞ்சுது, இன்னொரு பக்கம் சண்டை போடவும் உதவிச்சு.

நாம இன்னைக்கு மொபைல்ல தட்டுற கலோரி எண்களுக்கும் இதுல உறவு உண்டு. இந்தியச் சாப்பாட்டோட எண்கள் பிறந்த இடம் நம்ம நீலகிரி. குன்னூர்ல மெக்காரிசன் ஆரம்பிச்ச ஆராய்ச்சிக் கூடம், அவருக்கப்புறம் 1935ல அய்க்ராய்டு பொறுப்புக்கு வந்தார். கேழ்வரகு, முருங்கைக்கீரை, கருவாடுன்னு ஒவ்வொண்ணா எடுத்து, உள்ள என்ன இருக்குன்னு ஆராய்ஞ்சு 1937ல பட்டியலாப் போட்டாங்க. 1958ல அந்தக் கூடம் ஹைதராபாத்துக்குப் போச்சு. சேலத்துல பிறந்த டாக்டர் கோபாலன் காலத்துல பட்டியல் பெருசாச்சு. 2017ல 528 உணவுகளோட புதுசா வந்துச்சு. மூலப் பட்டியல் போட்டது யாரையும் இளைக்க வைக்க இல்லை. ஏழை வீட்டு அடுப்புல என்ன குறையுதுன்னு கண்டுபிடிக்க. குறையறதை அளக்கச் செஞ்ச படியை வச்சு நாம கூடுறதை அளக்கிறோம்.

தன் சாப்பாட்டைத் தானே அளந்தவன்னு தேடினா, இத்தாலிக்காரர் சாந்தோரியோ வர்றார். தராசுல நாற்காலியைத் தொங்கவிட்டு அதுல உட்கார்ந்து, சாப்பிடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தன்னை நிறுத்தார். உள்ள போறது, வெளிய வர்றது ரெண்டையும் நிறுத்தார். 30 வருசம்னு சொல்றாங்க! 1614ல புஸ்தகமா வந்துச்சு. அந்த மாதிரி ஆளு நூறு வருசத்துக்கு ஒருத்தர். அவரை வச்சு நமக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

இளைக்கிறதுக்காக கலோரி எண்ணுங்கன்னு ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அமெரிக்க டாக்டர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ். 1918ல வந்த புஸ்தகம், சக்கைப்போடு போட்டுது. அவரே குண்டா இருந்து இளைச்சவர்ங்கிறதால கிண்டலும் கேலியுமா எழுதினார். அதுல எனக்குப் பிடிச்சது, தனியா எண்ணாதீங்க, நாலு பேர் கூடி வாராவாரம் எடை பாருங்கன்னு சொன்னது. 1961ல நியூயார்க்ல ஜீன் நிடெட்ச்னு ஒரு குடும்பத் தலைவி தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆரம்பிச்சதும் அதேதான். அது 1963ல கம்பெனியாச்சு.

சரி, நம்ம ஊருக்கே திரும்பலாம். 1980ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்துச்சு. 6 மாசத்துலயிருந்து 36 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகளை மாசாமாசம் தூக்கித் தராசுல போட்டு, அட்டையில புள்ளி வச்சுக் கோடு இழுத்தாங்க. கோடு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. அரைக் கிலோ ஏறிடுச்சுன்னா நிறுத்திடலாம். படிக்காத தாய்கூட கோடு ஏறுதா இறங்குதான்னு பார்த்துப் புரிஞ்சுக்கிட்டா. இதுல இருந்த புத்திசாலித்தனத்தை யாரும் பெருசாப் பேசலை. அளக்கிறதுக்கு ஒரு நாள் இருந்துச்சு, பார்க்க இன்னொரு கண்ணு இருந்துச்சு, எல்லாத்துக்கும் மேல ஒரு முடிவு இருந்துச்சு. 90 நாள். நம்ம நோட்டுக்கு முடிவே கிடையாது, சாகுற வரைக்கும் எழுதுன்னா எவன் எழுதுவான்?

எழுதினா பலன் உண்டாங்கிறதுல சந்தேகம் வேண்டாம். 2008ல அமெரிக்காவுல கிட்டத்தட்ட 1,700 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வுல, தினம் எழுதினவங்க எழுதாதவங்களைவிட ரெண்டு மடங்கு இளைச்சிருந்தாங்க. ஆனா 1992ல வந்த இன்னொரு ஆய்வு சுவாரசியம். "நான் கம்மியாத்தான் சாப்பிடுறேன், எடை குறையலையே"ன்னு புலம்பின பத்து பேரைச் சோதிச்சா, நிஜத்துல சாப்பிட்டதுல சராசரியா 47 சதவீதம் அவங்க கணக்குல வரவே இல்லை. பொய் சொல்லணும்னு சொன்னதில்லை. ஆளவந்தார் கதைதான், இலையில விழுந்தது கண்ணுல படலை.

அதனால நோட்டு படுத்துடுச்சேன்னு நொந்துக்கிறவங்களுக்கு என் யோசனை, வரலாற்றுல இருந்து சுட்டது. நோட்டை வாரம் ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டுங்க. பெண்டாட்டி, புருசன், ஆபீஸ் சிநேகிதர், யாரானாலும் திட்டாத ஆளா இருக்கணும். திட்டுற ஆள்னா நோட்டுல பொய் ஏறிடும். கிராம் கணக்கை விடுங்க, ஒரே கிண்ணம், ஒரே கரண்டி, "சோறு 1 கிண்ணம்"னு முடிச்சிடுங்க. 90 நாள்னு கெடு வச்சுக்குங்க. விட்டுப்போன நாளை வெறுமனே விட்டுட்டு மறுநாள் எழுதுங்க, அன்னைக்குச் சாப்பிட்டதை மறுநாள் யோசிச்சு எழுதுறது பஞ்சாங்கம்தான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க டாக்டரைக் கேட்காம எதையும் குறைக்காதீங்க. எண்ணி எண்ணிச் சாப்பாட்டையே கண்டு பயப்படுற நிலைமை வந்தா, நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, மடைப்பள்ளிக்காரர் சமாச்சாரம். சிதம்பரம் கொத்சு எவ்வளவு எண்ணெய் குடிச்சிருக்குன்னு சாப்பிடுறவனுக்குத் தெரியாது, கிண்டின கைக்குத்தான் தெரியும். வீட்டுல சமைக்கிறவங்களைக் கேட்காம எழுதுற கணக்கு பாதிக் கணக்கு. அப்படிக் கேட்கும்போது அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. உப்புப் பார்த்தது, பிள்ளை தட்டுல மிச்சம் வச்சது, வீணாப் போகுதேன்னு ராத்திரி வழிச்சுப் போட்டுக்கிட்டது, இது எதுவும் எந்த நோட்டுலயும் ஏறினதில்லை. எண்ணாயிரம் கல்வெட்டுல 340 பேருக்கும் படி எழுதியிருக்கு. அவங்களுக்கு ஆக்கிப்போட்ட வீட்டுல ஆக்கினவங்க எத்தனை நாழி சாப்பிட்டாங்கன்னு அதுல இல்லை.