எண்ணெயும் பிசினும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருவழியில் நாவுல என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூருக்கு அண்மையிலுள்ள நாலந்தாவில் பல்லவர் பாணியைத் தழுவிய பழைய கற்கோயிலொன்று உண்டு. கெடிகே என்பது அதன் பெயர். போவத்தென்ன நீர்த்தேக்கத்தினால் அக்கோயில் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே 1970களின் நடுப்பகுதியில் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் முன்போலவே அடுக்கி நிறுத்தினர். கல்லினாற் செய்த கோயிலுக்கு இவ்வாறு இரண்டாம் வாழ்வு கிட்டியது.

நாவுலையைக் கடந்து அதே வழியிற் சென்றால் தம்புள்ளைக் குகைகள் வரும். அதற்கப்பால், வடகிழக்கே, சிகிரியாக் குன்று நிற்கின்றது. அங்கே மனிதர் ஆக்கிவைத்த செல்வம் கல்லன்று. சுவரின்மீது மெல்லிய தோல்போற் படிந்திருக்கும் வண்ணம். அதனைக் கழற்றி அடுக்க முடியாது. அதனைத் தீட்டியவர் எதை எதனோடு குழைத்தார் என்பதை அறிந்தாலன்றி அதனைக் காக்கவும் முடியாது. பழைய ஓவியர் கைக்கொண்ட முறைகளை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதுவே காரணம்.

எண்ணெய் வண்ணம் என்றதும் ஐரோப்பாவே பலருடைய நினைவுக்கு வரும். அக்கலையைக் கண்டுபிடித்தவர் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் யான் வான் ஐக் என்று இத்தாலிய எழுத்தாளர் வசாரி 1550ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். அக்கூற்று நெடுங்காலம் நிலைத்தது. ஆயினும் அது முழு உண்மையன்று. வான் ஐக் 1432ஆம் ஆண்டில் கெண்ட் நகரத்துப் பெரிய பலிபீட ஓவியத்தை நிறைவு செய்வதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தியோபிலஸ் என்னும் துறவி ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைக்கும் முறையை எழுதி வைத்திருந்தார். வான் ஐக்கின் பெருமை கண்டுபிடிப்பிலன்று, பயன்படுத்திய திறத்திலேயே உள்ளது. வெண்மையான அடித்தளத்தின்மீது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் பூச்சுக்களை ஒன்றன்மேலொன்றாக இட்டார். மேலிருந்து புகும் ஒளி அடியிலுள்ள வெண்மையிற் பட்டு மீளுவதால், அவருடைய செந்நிறமும் பச்சையும் உள்ளிருந்தே சுடர்வனபோலத் தோன்றுகின்றன.

இம்முறையின் உயிர்நாடி பொறுமை. நீர் காய்வதுபோல எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய், அக்குரோட்டு எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மெல்ல மெல்ல இறுகி, உறுதியான படலமாக மாறுகின்றன. தேங்காய் எண்ணெய்க்கு அத்தன்மை இல்லை. எத்தனை நாள் வைத்தாலும் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஐரோப்பியப் பட்டறைகளின் விதி. அவசரப்பட்டு அதனை மாற்றினால், மேற்பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு பிந்திச் சுருங்கி, ஓவியம் வெடிக்கும். பட்டறையிற் சேர்ந்த மாணவன் முகம் வரையக் கற்பதற்கு முன் கல்லில் வண்ணம் அரைக்கக் கற்றது இதனாலேயே.

காயும் எண்ணெயின் பண்பைக் கீழ்த்திசை ஓவியரும் அறிந்திருந்தனர். ஆப்கானிஸ்தானத்தில் பாமியன் குகைகளிலுள்ள ஓவியங்களை யப்பானியரும் ஐரோப்பியருமான விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சில ஓவியங்களில் காயும் எண்ணெய் வண்ணத்தோடு கலக்கப்பட்டிருந்தமை அதனால் தெரியவந்தது. வான் ஐக்குக்கு அது எண்ணூறு ஆண்டு முற்பட்டது.

சிகிரியா அதனினும் பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் ஆண்ட காலத்தது. மலைப்பாறையின்மேல் களிமண்ணோடு உமியும் தென்னைநாரும் கலந்து பூசி, அதன்மேற் சுண்ணச்சாந்து இட்டு, காவி, மஞ்சள், பச்சை ஆகிய மண்வண்ணங்களால் அப்பெண்ணுருவங்களைத் தீட்டினர். ஈரச்சுவரில் எழுதும் முறையிலேயே அவை வரையப்பட்டன என்று முன்னர்ப் பலர் கருதினர். தொல்பொருள் திணைக்களத்தில் இரசாயனவியலாளராகப் பணியாற்றிப் பின்னர் அதன் ஆணையாளராக உயர்ந்த ராஜா டி சில்வா, ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார். வண்ணத்தைப் பிடித்து நிறுத்தியது மரப்பிசினும் காயும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு என்பது அவர் கருத்து.

இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பது 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளிப்பட்டது. தீயோர் சிலர் இரவிலே ஏறிச் சென்று, அவ்வோவியங்களின்மீது கடைச்சாயத்தைப் பூசிப் பாழாக்கினர். சில இடங்களிற் சாந்தே பெயர்க்கப்பட்டது. புதிய சாயத்தைக் கரைக்கும் திராவகம் பழைய வண்ணத்தையும் கரைத்துவிடுமோ என்பதே அப்போது எழுந்த பெருங்கேள்வி. உரோமாபுரியிலிருந்து வந்த லூசியானோ மரான்சி என்னும் வல்லுநரும் திணைக்களத்தாரும் சேர்ந்து பொறுமையோடு சாயத்தை நீக்கினர். பதினைந்து நூற்றாண்டு நின்ற ஓவியம் ஓரிரவில் அழியப் பார்த்தது. அதனை மீட்டது, எது எதனோடு கலந்தது என்று அறிந்த அறிவு.

தம்புள்ளையிலே இக்கலையின் பிற்கால வடிவத்தைக் காணலாம். ஐந்து குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் உள்ளன. இன்று காண்பவற்றிற் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியில் ஆண்டபோது புதுப்பிக்கப்பட்டது. மாத்தளைப் பகுதியின் நீலகம என்னும் ஊர் பரம்பரை ஓவியர்களுக்குப் பெயர்பெற்றது. கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவை விகாரையின் ஓவியர்களுள்ளும் நீலகம பட்டபெந்தா என்பவர் ஒருவர்.

அவர்களுடைய வண்ணப்பெட்டியிலுள்ள பெயர்கள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. சிவப்புக்குச் சாதிலிங்கம், சிங்களத்திலும் அதே சொல். மஞ்சளுக்கு அரிதாரமும் கொக்கட்டு மரத்தின் பாலும். நீலத்துக்கு அவுரி. கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. வெண்மைக்கு மக்குல் எனப்படும் வெண்களிமண். சுவருக்கு அடித்தளமும் அதுவே. வண்ணத்தைக் குழைக்க விளாம்பிசின். நுண்ணிய கோட்டுக்கு அணில் மயிரினாலும் புல்லினாலும் கட்டிய தூரிகை. வேலை முடிந்தபின் மேற்பூச்சாக டொரண மரத்தில் வடிக்கும் எண்ணெயில் ஹல் மரத்துக் குங்கிலியத்தைப் பொடித்துச் சேர்த்துப் பூசினர். அது வண்ணத்துக்கு ஆழமும் பளபளப்பும் தந்து, ஈரத்தையும் தடுத்தது. வான் ஐக்கின் ஊரும் நீலகமவும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் வெண்மையான அடித்தளம், பதமாக அரைத்த வண்ணம், ஒளிவிடும் மேற்பூச்சு என்னும் மூன்றையும் இரண்டிடத்து ஓவியரும் பேணினர்.

இத்தகைய கலை அரசனும் விகாரையும் அளித்த ஊழிய நிலங்களில் வேரூன்றி வளர்ந்தது. 1815ஆம் ஆண்டில் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசனுக்குச் செய்யும் ஊழியமுறை 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. மக்களுக்கு அது விடுதலையே. ஆனால் ஓவியனைப் போற்றிய கை அதனோடு தளர்ந்தது. பின்னர்த் தகரப்பெட்டியில் அடைத்த சாயம் கடைக்கு வந்தது. பிசின் தேடிக் காட்டுக்குப் போவதும் நாட்கணக்கில் அரைப்பதும் வீண்வேலையாகத் தோன்றலாயின.

அவ்வேளையில் இக்கலையை ஏட்டிலேற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். 1877இல் கொழும்பிற் பிறந்தவர். கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக நாட்டைச் சுற்றியவருக்கு, மண்ணைப் படிக்கத் தெரிந்தது போலவே மண்ணைக் குழைத்தவனைப் படிக்கவும் தெரிந்தது. ஓவியர் வாய்மொழியாகக் காத்த முறைகளைக் கேட்டறிந்து, 1908ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அவற்றைப் பதித்தார். அந்நூலின் முதற்பதிப்பில் 425 படிகளே அச்சாயின. இன்று விளாம்பிசினின் பயனையும் டொரண எண்ணெயின் பக்குவத்தையும் அறிய விரும்புவோருக்கு அது கருவூலமாக விளங்குகின்றது.

ஆயினும் ஏட்டிலுள்ள அளவு கையிலுள்ள பதமாகிவிடாது. பிசின் எப்போது இளகும், எண்ணெய் எந்தச் சூட்டில் குங்கிலியத்தை ஏற்கும் என்பவற்றைக் கண்ணும் விரலுமே அறியும். பழைய சுவரைக் காக்கும் ஊர், அச்சுவரில் எழுதிய கையின் பழக்கத்தையும் காத்தல் வேண்டும். நாலந்தாவின் கற்களை இடம் மாற்றி மீண்டும் அடுக்க முடிந்தது. கைத்தொழிலின் அறிவோ, ஆசானிடமிருந்து மாணவனுக்கு அறுபடாது செல்லும்வரைதான் வாழும். ஒருமுறை அறுந்தால் அதனை எடுத்து அடுக்குவதற்குக் கற்கள் கிடைக்கமாட்டா.